பிறந்த வீட்டில் விசா!

உத்திரமேரூருக்குப் போயிருக்கிறீர்களா? காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறினால் சுமார் முப்பது கிலோமீட்டர். வழியெல்லாம் ஏரியும் நெல் வயலும். அங்கே இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்க்கத்தான் உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். சாமி கும்பிட வருகிறவர்களைவிட சுவரைப் பார்க்க வருகிறவர்கள் அதிகமோ என்றுகூடத் தோன்றும்!

சுவர் முழுக்க எழுத்து. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள். குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் மார்க்குக்காக மனப்பாடம் செய்தோமே, அதேதான். ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்தார்கள். தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத ஒரு சின்னப் பையனைவிட்டு எடுக்கச் சொன்னார்கள். இப்படித் தேர்ந்தவர்கள் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று ஊர் வேலையைப் பார்த்தார்கள்.

பெருமையான விஷயம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தகுதிப் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும் (இப்போதைய கணக்கில் ஒன்றரை ஏக்கர் சொச்சம்). சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்குக் குறையாமல், எழுபதுக்கு மிகாமல் இருக்க வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் என்றால் அவருக்கு மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவுக்காரர்களுக்கும் இடம் கிடையாது!

அது ஒரு சதுர்வேதிமங்கலம். பிராமணர்களின் ஊர்ச்சபை. அப்படியென்றால் வயலில் இறங்கி உழுதவர்கள்? அவர்கள் பெயர் குடத்துக்குள் போகவில்லை. பெண்கள் பெயரும் போகவில்லை. ஊரில் இருப்பது வேறு, ஊர்க்காரனாக எண்ணப்படுவது வேறு. 1,100 வருடத்துக்கு முன்னாலேயே இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இருந்திருக்கிறது. அந்தக் கோட்டுக்கு இன்று நாம் வைத்திருக்கும் பெயர், குடியுரிமை.

* * *

இப்போது ஒரு சின்னக் கணக்கு. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பையன் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் படித்து லண்டனுக்கு வேலைக்குப் போகிறான். அவனுடைய இந்திய பாஸ்போர்ட்டில் அமெரிக்கா போவதற்குப் பத்து வருட விசிட்டர் விசா குத்தியிருக்கிறது. நாலு வருடம்தான் ஆச்சு, இன்னும் ஆறு வருடம் பாக்கி. இந்த நேரத்தில் அவன் பிரிட்டிஷ் குடிமகனாகிவிடுகிறான். அந்த ஆறு வருட விசா என்ன ஆகும்?

பலர் நினைப்பது என்ன? விசா நம் பெயருக்குத்தானே கொடுத்தார்கள், பழைய பாஸ்போர்ட்டையும் புதுசையும் சேர்த்து நீட்டினால் போச்சு! பாஸ்போர்ட் காலாவதியாகிப் புதுப்பித்தவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அதற்கு அமெரிக்க வெளியுறவுத் துறை ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. இரண்டு பாஸ்போர்ட்டும் ஒரே நாட்டுடையதாக, ஒரே வகையாக இருக்க வேண்டும். பழையது இந்தியா, புதுசு பிரிட்டன் என்றால் அந்தக் கணக்கு செல்லாது. விசா ஆளுக்கு மட்டும் கொடுக்கப்படுவதில்லை. இன்ன நாட்டுக் குடிமகனான இந்த ஆள் என்றுதான் கொடுக்கப்படுகிறது. பாதி போய்விட்டால் முழுசும் போச்சு. அவன் இனி பிரிட்டிஷ்காரனுக்கு என்ன விதியோ அதன்படிதான் அமெரிக்கா போக வேண்டும்.

இங்கே நம் ஊர்ச் சட்டம் இன்னும் கறார். 1955-ம் வருடக் குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி, ஓர் இந்தியர் தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய அந்த நிமிடமே இந்தியக் குடியுரிமை போய்விடும். யாரும் நோட்டீஸ் அனுப்ப வேண்டியதில்லை. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும். அதை வைத்துக்கொண்டு பயணம் செய்தால் குற்றம்.

ஆக, அமெரிக்கா விசா போனது சின்ன விஷயம். அம்மாவைப் பார்க்க உத்திரமேரூர் வர அந்தப் பையனுக்கு இப்போது விசா வேண்டும்! சொந்த வீட்டுக்கு அவன் விசிட்டர்.

சரி, அவனாவது தெரிந்தே, விரும்பியே செய்தான். ஆனால் ஒரு அடிகூட நகராமல், பிறந்த அறையிலேயே உட்கார்ந்தபடி வெளிநாட்டுக்காரர்களாகி, அந்த அறையில் தொடர்ந்து இருப்பதற்கே விசா வாங்கியவர்கள் உண்டு. ஒருவர் இருவர் அல்ல, லட்சக்கணக்கில். எல்லாரும் தமிழர்கள். நடந்த இடம், ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரை.

* * *

1820-களில் இலங்கை மலைகளில் வெள்ளைக்காரர்கள் காப்பி போட ஆரம்பித்தார்கள். ஆள் வேண்டுமே! திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம் பக்கமிருந்து கங்காணிகள் கூட்டிப் போனார்கள். 1869-ல் இலையில் ஒரு நோய் தோன்றி, அடுத்த சில வருடங்களில் காப்பியையே தின்று தீர்த்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. காப்பி பருவத்துக்குப் பறிப்பது, வேலை முடிந்தால் ஊருக்குத் திரும்பலாம். தேயிலை அப்படியில்லை, வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். குடும்பம் குடும்பமாக லயத்திலேயே தங்கிவிட்டார்கள். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். அங்கேயே பிறப்பு, அங்கேயே கல்யாணம், அங்கேயே சாவு.

அந்தக் காலத்தில் இந்தப் பயணத்துக்கு பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. இரண்டு கரையும் பிரிட்டிஷ் மகாராஜாவுடையது. கழுத்தில் ஒரு தகர டிக்கெட். அதில் எந்தத் தோட்டம் என்பதற்கு ஓர் எண். அவ்வளவுதான். ஆளை அடையாளம் காண அல்ல, செலவை எந்தத் தோட்டத்துக் கணக்கில் எழுதுவது என்று தெரியத்தான்!

உலகத்திலேயே பாஸ்போர்ட் என்கிற சமாசாரம் இறுகியது முதல் உலகப் போருக்குப் பிறகுதான். 1920-ல் பாரிஸில் கூடிப் பேசி, பாஸ்போர்ட் எப்படி இருக்க வேண்டுமென்று முடிவு செய்தார்கள். அதே வருடம்தான் இந்தியாவிலும் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. ரஷ்யப் புரட்சியில் நாடிழந்தவர்களுக்காக 1922-ல் நான்சென் பாஸ்போர்ட் என்று ஒன்றைக்கூடக் கண்டுபிடித்தார்கள். நாடற்றவனுக்கும் கையில் ஒரு காகிதம் வேண்டும் என்று அப்போதே உலகத்துக்குப் புரிந்திருந்தது.

* * *

1948 பிப்ரவரி 4. இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதே வருடமே, டி.எஸ்.சேனநாயக்க பிரதமராக இருந்தபோது பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. (அங்கே குடியுரிமையை பிரஜாவுரிமை என்பார்கள்.) 1948-ம் வருடத்து 18-ம் எண் சட்டம்.

அந்தச் சட்டத்தில் ஒரு சூட்சுமம். நீ இலங்கையில் பிறந்தாயா? அது போதாது. உன் அப்பா இங்கே பிறந்தாரா? இல்லையென்றால், உன் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் இங்கே பிறந்தார்களா? நிரூபி!

எப்படி நிரூபிப்பது? லயத்தில் பிறந்த குழந்தைக்கு, அதுவும் போன நூற்றாண்டில், யார் சர்டிபிகேட் எழுதி வைத்தார்கள்? (உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டால் உங்களால் எடுத்து நீட்ட முடியுமா? யோசித்துப் பாருங்கள்.)

எதிர்ப்பு கிளம்பியதும் 1949-ல் இன்னொரு சட்டம் போட்டார்கள். இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் இத்தனை வருடம் இடைவிடாமல் இங்கே வாழ்ந்ததாகக் காட்டினால் பதிவு செய்துகொள்ளலாம். இதில் இடைவிடாமல் என்கிற ஒரு சொல்தான் வில்லன். குலசாமிக்குப் பொங்கல் வைக்கவும், அக்கா கல்யாணத்துக்கும் கப்பலேறி இந்தியா போய் வந்தவர்கள் எத்தனையோ பேர். அதிக நாள் தங்கிவிட்டால் தொடர்ச்சி அறுந்துவிட்டது என்று பொருள். விண்ணப்பம் தள்ளுபடி. 1951 ஆகஸ்ட் கெடுவுக்குள் சுமார் எட்டேகால் லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கடைசியில் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

ஓட்டும் போனது. 1947 தேர்தலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர்கள் அவர்கள். நுவரெலியாவில் தொண்டமானையே ஜெயிக்க வைத்தவர்கள். 1949-ல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜை அல்லாதவர்கள் பெயரை அடித்துவிட்டார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1953-ல் தீர்ப்பு அரசுக்குச் சாதகமாக வந்தது. இந்தப் பிரச்னையில்தான் தமிழ் காங்கிரஸ் உடைந்து, செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

சரி, அவர்கள் இலங்கையர் இல்லை. அப்ப இந்தியரா? அதுவும் இல்லை! நம் அரசியல் சட்டத்தின் 8-வது ஷரத்து, வெளிநாட்டில் இருக்கும் இந்திய வம்சாவளியினர் தூதரகத்தில் பதிவு செய்துகொண்டால் குடிமக்கள் ஆகலாம் என்கிறது. பதிவு செய்தால்தான். தானாக இல்லை. நேருவின் நிலையும் தெளிவாக இருந்தது. அங்கேயே பிறந்து அங்கேயே உழைப்பவர்கள் அந்த நாட்டின் பொறுப்பு. கொழும்பு கையை விரித்தது, டெல்லியும் கையை விரித்தது. நடுவில் நின்ற சனத்துக்கு நாடற்றவர் என்று பெயர் விழுந்தது. தெருவில் போகிறவர்கள் வைத்த பெயர் அதைவிட மோசம்: கள்ளத்தோணி.

இதற்கு நடுவில் 1949 நவம்பர் 1 முதல் இலங்கையின் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. தகர டிக்கெட் காலம் போய், பாஸ்போர்ட், விசா காலம் பாக் ஜலசந்திக்கும் வந்து சேர்ந்தது.

* * *

1964 அக்டோபர் 30. டெல்லி. சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். நாடற்றவர்கள் மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. இதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும். மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். (அப்புறம் என்பது 1974-ல் வந்தது. இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.)

அண்ணன் தம்பி பாகம் பிரிப்பதுபோல இருக்கிறதா? பாகப் பிரிவினையிலாவது வீட்டில் இருக்கும் பெரிசுகளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பார்கள். இங்கே பிரிக்கப்பட்ட மக்களின் தலைவர்களைக் கலந்து பேசவே இல்லை.

ஒப்பந்தம் நிறைவேற 15 வருடம் கெடு. இங்கேதான் நம் விசா வருகிறது. ஒரு தொழிலாளிக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்துவிட்டது, ஆனால் கப்பலேற முறை வர இன்னும் சில வருடம் ஆகும் என்றால், அதுவரை அவர் எந்த அந்தஸ்தில் இருப்பார்? ஒப்பந்தத்திலேயே அதற்கு வழி எழுதியிருந்தார்கள். தங்கியிருக்க இலவச விசா. வேலையில் இருப்பவர், திரும்ப அனுப்பப்படும் நாள் வரையோ 55 வயது வரையோ, எது முதலில் வருகிறதோ அதுவரை வேலை பார்க்கலாம். போகும்போது எடுத்துப் போகும் சொத்துக்கு ஓர் உச்சவரம்பு. அந்த வரம்பை ஒரு குடும்பத்துக்கு 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்கக் கூடாது என்று ஓர் உறுதிமொழி.

இலவச விசா! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஹட்டன் பக்கம் ஒரு லயத்தில் பிறந்து, முப்பது வருடம் கொழுந்து பறித்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவை அவர் பார்த்ததே இல்லை. புது பாஸ்போர்ட்டில் அசோகச் சக்கரம். நேற்றுவரை நாடற்றவர், ஆனால் அந்த அறை அவர் அறை. இன்று அவருக்கு நாடு கிடைத்துவிட்டது. கிடைத்த நொடியில் அந்த அறையில் அவர் வெளிநாட்டுக்காரர். விசா தேதி முடிந்தால் வெளியேற வேண்டியவர். எதுவுமே இல்லாதபோது இருந்த உரிமை, ஒன்று கிடைத்ததும் போய்விட்டது. குடியுரிமை மாறியதும் நம்ம லண்டன் பையனின் விசா செத்துப்போனது. இவருக்கோ குடியுரிமை கிடைத்ததும் விசா என்ற ஒன்றே பிறந்தது!

ஒரே வீட்டில் அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார், தம்பி இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். குடும்பங்கள் அப்படியே இரண்டாகக் கிழிந்தன. இன்னொரு வேடிக்கை. கெடுவுக்குள் இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள், ஒதுக்கிய எண்ணிக்கையைவிடக் குறைவு. இலங்கைக் குடியுரிமை கேட்டவர்களோ ஒதுக்கியதைவிட மிக அதிகம். தலைவர்கள் போட்ட கணக்கும் சனங்கள் போட்ட கணக்கும் ஒத்துப்போகவே இல்லை.

* * *

ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. தலைமன்னாருக்குக் கப்பல் போன துறைமுகமே இல்லை. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் விட்டார்கள். அந்தக் கப்பலில்தான் தாயகம் திரும்பியோர் என்ற அரசாங்கப் பெயருடன் அவர்கள் வந்து இறங்கினார்கள். திரும்பியோர்! வந்தே இராதவர் எப்படித் திரும்ப முடியும் என்று யாரும் கேட்கவில்லை.

மண்டபம் முகாம். அங்கிருந்து ஊர் ஊராகப் பிரித்து அனுப்பினார்கள். கொழுந்து பறிக்கத் தெரிந்தவர்கள் என்பதால் நீலகிரியில் அவர்களுக்காகவே 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. இன்று டான்டீ என்று நமக்குத் தெரிந்த நிறுவனம் அதிலிருந்து வந்ததுதான். கடன் கொடுக்க 1969-ல் ரெப்கோ வங்கி வந்தது. பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கும் அதுதான் வங்கி. கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் அவர்களுக்கு விழுந்த பெயர் என்ன தெரியுமா? சிலோன்காரர்! அங்கே இந்தியத் தமிழர், இங்கே சிலோன்காரர்.

1984-ல் போர்ச் சூழலில் கப்பல் நின்றது. இந்திய பாஸ்போர்ட் வாங்கியும் கப்பலேறாதவர்கள் மலையிலேயே மாட்டிக்கொண்டார்கள். பெட்டியில் இந்திய பாஸ்போர்ட், அதில் காலாவதியான விசா. சட்டத்தின் கண்ணில் தாங்கள் பிறந்த லயத்தில் அளவுக்கு மீறித் தங்கிவிட்ட அந்நியர்கள்!

1986-ல் கணக்கைத் திருத்தினார்கள். இந்தியா 5,06,000, இலங்கை 4,69,000. 1988-ல் இன்னொரு சட்டம். கடைசியாக 2003 அக்டோபரில் இலங்கை நாடாளுமன்றம் ஒருமனதாக 35-ம் எண் சட்டத்தை நிறைவேற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினரும் அவர்கள் வாரிசுகளும் இலங்கைப் பிரஜைகள். இந்திய பாஸ்போர்ட் வாங்கிவிட்டுத் தங்கிப்போனவர்களும் ஒரு பிரகடனம் எழுதிக் கொடுத்துப் பிரஜை ஆகலாம். கொள்ளுத்தாத்தா சர்டிபிகேட் தேவையில்லை. ஒரு கையெழுத்தில் முடிகிற வேலைக்கு 55 வருடம் ஆயிற்று.

* * *

இந்தக் கதையெல்லாம் இலங்கையில் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 1968-ல் கென்யாவிலிருந்த இந்திய வம்சாவளியினர் கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டே இருந்தது. அவர்கள் கிளம்பி வர ஆரம்பித்ததும், அப்பாவோ தாத்தாவோ பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும் என்கிற மாதிரி ஒரு நிபந்தனையை அவசரச் சட்டமாகப் போட்டு பிரிட்டன் கதவைச் சாத்தியது. கொள்ளுத்தாத்தா விளையாட்டு எல்லா ஊரிலும் உண்டு.

நம் பக்கம்? இரட்டைக் குடியுரிமை இந்தியாவில் கிடையாது. அதற்குப் பதிலாக 2005 டிசம்பரில் ஓ.சி.ஐ. அட்டை வந்தது. 1999-ல் வந்திருந்த பி.ஐ.ஓ. அட்டையையும் 2015 ஜனவரியில் இதோடு சேர்த்துவிட்டார்கள். பெயரில் சிட்டிசன் என்று இருந்தாலும், அது உண்மையில் ஆயுள்கால விசாதான். எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம். ஆனால் ஓட்டு கிடையாது. விவசாய நிலம் வாங்க முடியாது.

மறுபடி உத்திரமேரூர் ஞாபகம் வருகிறதா? கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு! லண்டன் பையன் ஓ.சி.ஐ. அட்டையோடு வந்தால் ஊரில் வீடு வாங்கலாம், வயல் வாங்க முடியாது. அப்பா வைத்துவிட்டுப் போன வயல் வாரிசாக வந்து சேர்ந்தால் சரி. பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கவோ ஓட்டுப் போடவோ முடியாது. குடத்துக்குள் அவன் ஓலை இல்லை.

ஆகவே, வெளிநாட்டில் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இந்த வாரம் போன் செய்யும்போது இரண்டு விஷயம் சொல்லிவையுங்கள். ஒன்று, சத்தியப் பிரமாணம் எடுத்த அன்றோடு இந்திய பாஸ்போர்ட்டும் அதிலிருக்கும் மற்ற நாட்டு விசாக்களும் கதை முடிந்தது. டிக்கெட் போடுவதற்கு முன்னால் புது பாஸ்போர்ட்டுக்கு எந்தெந்த நாட்டுக்கு என்ன வேண்டும் என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு, பழையதை ஒப்படைத்த சான்றிதழையும் ஓ.சி.ஐ.யையும் தள்ளிப்போட வேண்டாம். ஊரில் ஒரு நல்லது கெட்டது என்றால் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்ப வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் விசாவுக்கு வரிசையில் நிற்பது கொடுமை.

அவனுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமையாவது இருந்தது. எதை விடுகிறோம், எதை வாங்குகிறோம் என்று தெரிந்து கையெழுத்துப் போட்டான். ஹட்டன் பெண்ணுக்காக டெல்லியில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் விசாவில் எழுதியிருந்த கடைசித் தேதி மட்டும்தான்.